அரை மணி முன்பு போட்ட ஊசி

“இப்பத்தானேம்மா போட்டுட்டுப் போனீங்க?” என்று முதல் கட்டிலில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை கேட்டபோது, நர்ஸ் ஊசியின் மூடியைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

அவள் பணிக்கு வந்தே கால் மணி நேரம்தான் ஆகிறது. வெளியே விடாத மழை. நடுப்பகலிலேயே விளக்குப் போட்டிருந்த அந்த நீளமான பெண்கள் வார்டில் ஈரச் சுவரின் வாடையும் ஸ்பிரிட்டின் காரமும் கலந்து தொண்டையில் உட்கார்ந்திருந்தன. தலைக்கு மேலே பழைய மின்விசிறி ஒன்று, தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிப்பதுபோல நறநறத்துக்கொண்டே சுற்றியது.

“நான் இப்பத்தான் உள்ளயே வர்றேன் டீச்சர். வேற யாராச்சும் போட்டிருப்பாங்க.”

“அரை மணி ஆகுது. நீங்கதான். பேரைக் கேட்டீங்க, கைப்பட்டையைப் பார்த்தீங்க, அப்புறம்தான் குத்தினீங்க. எனக்கு வயசுதான் ஆச்சு, கண்ணு போயிடல.”

வேறொருத்தியாக இருந்தால் சிரித்து மழுப்பிவிட்டுப் போட்டிருப்பாள். இவள் அப்படிப்பட்டவள் இல்லை. நோயாளி சந்தேகப்பட்டால் கையை நிறுத்திவிட வேண்டும் என்பதைப் பதினெட்டு வருஷமாகப் பிடிவாதமாகக் கடைப்பிடித்தவள். அதிலும் இது இன்சுலின். அளவு கூடிப்போனால் ஆளையே சாய்த்துவிடும்.

ஊசியைத் தட்டில் வைத்தாள். டீச்சரின் மேல்கையைத் திருப்பினாள். புத்தம்புதிய சிவப்புப் புள்ளி. விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தாள். ஐம்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே இறங்கவே கூடாது. குளுக்கோஸ் தண்ணீரைக் கலந்து, “முழுசா குடிச்சிடுங்க டீச்சர், ஒரு சொட்டு வைக்கக் கூடாது” என்று டீச்சர் கையில் திணித்துவிட்டு, மருந்தறையில் இருந்த இளைய நர்ஸைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“இன்சுலின் யாரு எடுத்தது?”

“என்னக்கா இது, நீங்கதானே? இன்னிக்குச் சீக்கிரமே வந்துட்டீங்களேன்னு நினைச்சேன். அளவைக்கூட ரெண்டு பேரும் சேர்ந்துதானே சரிபார்த்தோம். ஆனா நீங்க ஒரு வார்த்தை பேசலை. எல்லாத்துக்கும் தலையை மட்டும் ஆட்டினீங்க.”

“எத்தனை பேருக்கு எடுத்தேன்?”

“இன்சுலின் போடுற மூணு பேருக்கும்.”

“டாக்டரைக் கூட்டிட்டு ஓடி வா!”

இரண்டாம் கட்டிலில் தையல்காரம்மா வியர்வையில் குளித்துக் கிடந்தாள். கண் பாதி மூடியிருந்தது. இல்லாத துணியை நகர்த்துவதுபோல விரல்கள் போர்வையின் மேல் நடுங்கின. சர்க்கரை நாற்பத்தொன்று. கையில் நரம்பு சிக்கவில்லை. தட்டினாள், தேய்த்தாள், மறுபடி குத்தினாள். நழுவியது. “அம்மா, கண்ணைத் திறங்க. என்னைப் பாருங்கம்மா. தூங்கிடாதீங்க.” மூன்றாவது குத்தில்தான் ரத்தம் தெரிந்தது. குளுக்கோஸை ஏற்றினாள். வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை.

மூன்றாவது கட்டில் கடைசியில், திரைக்குப் பின்னால். அங்கே ஏழு மாதக் கர்ப்பிணி.

திரைக்குள் யாரோ மெல்லப் பேசினார்கள்.

“உங்க பேரைச் சொல்லுங்கம்மா.”

நர்ஸின் சொந்தக் குரல்.

ஓடினாள். கால் வழுக்கியது, கட்டில் விளிம்பில் முழங்கால் இடித்தது, எழுந்து ஓடித் திரையை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

கர்ப்பிணிப் பெண் மட்டும்தான் இருந்தாள். சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டிருந்தாள். கையில் இன்னும் புள்ளி இல்லை.

“உனக்கு யாரும் ஊசி போடலையே?”

அந்தப் பெண் இவளைப் பார்க்கவில்லை. இவள் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தாள்.

“மெதுவா போடுங்க சிஸ்டர். எனக்கு ஊசின்னா பயம்.”

பிடரியில் ஸ்பிரிட் நெடி. வெகு அருகில்.

திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. அந்தப் பெண்ணின் மேல் கவிந்து, அவள் கையையும் வயிற்றையும் தன் உடம்பால் மறைத்துக்கொண்டாள். “வேண்டாம். உள்ள குழந்தை இருக்கு. இவளை விட்டுடு.” கத்தினாள். மழை அதை விழுங்கியது.

நர்ஸின் சட்டைக் கை மேலேறியது.

தானாக.

மடிப்பு மடிப்பாக.

ஈரப் பஞ்சு. சில்லென்று. ஒரு வட்டம்.

பிறகு இரண்டு விரல்கள் அவள் மேல்கைச் சதையைச் சேர்த்துப் பிடித்தன, வலிக்காமல், வெகு பக்குவமாக.