விளிம்பில் ஒரு நீலக் கோட்டு

போன் அலறியது.

பொலிக்சேனி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எடுத்தாள்.

"ஹலோ?"

மறுமுனையில் மூச்சு வாங்கியது. கப்பல் சமையல்காரர் பந்தேலிஸ்!

"அம்மா... நீங்க... உயிரோடவா இருக்கீங்க?"

"காலையிலேயே குடிச்சிட்டீங்களா, பந்தேலிஸ்?"

"இல்லம்மா! நீங்க மலை உச்சியிலேருந்து விழுந்துட்டீங்கன்னு கேப்டன் கதறிக்கிட்டிருக்காரு! கீழ பாறையில உங்க நீலக் கோட்டு தெரியுதாம்! மனசு கேக்காம உங்க நம்பரை அடிச்சேன்..."

நீலக் கோட்டு!

அந்தக் கோட்டு பொலிக்சேனியிடம் இல்லை. காலையில்தான் அதைத் தனாயியின் முகத்தில் வீசியிருந்தாள்!

தனாயி... சுற்றுலாக் கப்பலின் புது வழிகாட்டி. நவம்பர் மாதம். நாஃப்பிலியோ துறைமுகத்தில் கிளம்பியபோதே பயணிகள் ஒரு கைப்பிடிதான். போகிற ஊரிலெல்லாம் கடைகள் இழுத்து மூடிக் கிடந்தன. தனாயியின் சிரிப்புக்கு மட்டும் சீசன் முடியவில்லை! அதுவும் பொலிக்சேனியின் கணவன் கேப்டன் ஆர்கிரிஸ் பக்கத்தில் நின்றால்...

இன்று மொனெம்வாசியா என்ற இந்த மலைத்தீவில் இறங்கியதும், "குளிருது" என்று அவன் தோளோடு ஒட்டி நின்றாள். பொலிக்சேனிக்கு வயிறு எரிந்தது. கணவன் நகர்ந்ததும் பாய்ந்தாள்.

"குளிருதா? இந்தா, என் கோட்டு! புருஷனையே எடுத்துக்கிட்ட... இதை மட்டும் எதுக்கு விட்டு வைக்கணும்?"

தனாயி கூசவே இல்லை. கோட்டைப் போட்டு, அதன் தொப்பியையும் தலைக்கு இழுத்துவிட்டாள்.

"அளவு கச்சிதமா இருக்குக்கா!"

பயணிகளோடு மலையேறிப் போய்விட்டாள்.

கப்பலில் இருக்கும்போதே ஆர்கிரிஸ் பொலிக்சேனியை மலைமேல் வரச் சொல்லியிருந்தான். "உச்சியில, கோயிலுக்குப் பின்னால வா. தனியா பேசி சமாதானமாயிடலாம்."

அவள் போகவில்லை. வீம்பாகக் காப்பிக் கடையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது ஓடினாள். கல் சந்துகளில் மூடுபனி அடைத்துக் கிடந்தது.

சதுக்கத்துப் பீரங்கியைச் சுற்றிக் கூட்டம். நடுவில் ஆர்கிரிஸ் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் கடலோரக் காவல் அதிகாரி வ்ரெத்தோஸ்.

"என் பொலிக்சேனி போயிட்டாளே! அவ இல்லாம நான் எப்படி சார்..."

மணிக்கூண்டின் ஓரத்திலேயே நின்றுவிட்டாள். எனக்காகவா இப்படி அழுகிறான்?

"இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான்!" என்று ஒருத்தி கண்ணைத் துடைத்தாள்.

பொலிக்சேனியின் நெஞ்சு இளகியது. சே... இவனையா சந்தேகப்பட்டேன்? அந்தப் பெண் விழுந்ததைத் தூரத்திலிருந்து பார்த்து, நான் என்று நினைத்திருக்கிறான். பாவம்! ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

வ்ரெத்தோஸ் கேட்டார். "நீங்க எவ்வளவு தூரத்துல இருந்தீங்க, கேப்டன்?"

"கைக்கெட்டற தூரம் சார்! எதிர்லதான் நின்னேன். என் முகத்தைப் பாத்து சிரிச்சா... 'உடம்பைப் பாத்துக்கங்க'ன்னா... அப்படியே கால் வழுக்கிடுச்சு!"

பொலிக்சேனி உறைந்தாள்.

எதிரில் நின்றானா? முகத்தைப் பார்த்தானா?

பார்த்திருந்தால் அது தனாயி என்று தெரிந்திருக்குமே!

அப்படியானால் அவன் பார்த்தது, மூடுபனியில் அந்த நீலக் கோட்டின் முதுகை மட்டும்! பின்னாலிருந்து... இரண்டு கையாலும்...

கப்பல் அவளுடைய அப்பா கொடுத்தது. அவளை உதறினால் கப்பலும் போய்விடும். அவள் செத்தால்? கப்பலும் அவனுக்கு... தனாயியும் அவனுக்கு!

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான் வேற என்ன சொன்னேன், ஆர்கிரிஸ்?"

நிமிர்ந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"நீ... நீயா? அப்ப கீழ... கீழ கிடக்கறது யாரு?"

வ்ரெத்தோஸின் வயர்லெஸ் கருவி கரகரத்தது. "சார், உடம்பைப் படகுல ஏத்திட்டோம். சின்னப் பொண்ணு சார்... கழுத்துல வழிகாட்டி அட்டை தொங்குது."

"தனாயீ...!"

இந்த முறை அழுகை நிஜம். அதைக் கேட்டதும் பொலிக்சேனிக்கு மறுபடி வயிறு எரிந்தது. எனக்காக அழுதபோது குரல் இப்படி உடையவில்லையே!

"அவளுக்கு மட்டும் நல்லா அழறே!" என்றாள்.

"அப்ப எதிர்ல நின்னு சிரிச்ச முகம் யாருது, கேப்டன்?" என்றபடி வ்ரெத்தோஸ் விலங்கை மாட்டினார். பிறகு தயங்கினார். "அம்மா... பயணிங்க காத்திருக்காங்க. இவர் இல்லாம கப்பலை யார் ஓட்டறது?"

"யார் வேணா ஓட்டலாம் சார்! இருபது வருஷம் கூட வாழ்ந்த பொண்டாட்டியோட முதுகே அடையாளம் தெரியல... இந்த ஆளு இத்தனை நாளா மூடுபனியில துறைமுகத்தை எப்படித்தான் கண்டுபிடிச்சானோ!"