இசை முடிந்த பிறகும் ஓடிய கோடு

வயலின்கள் ஓய்ந்து, பெரிய முரசின் அதிர்வும் அடங்கி, பதிவில் வெறும் இரைச்சல் மட்டும் மிஞ்சியிருந்த இடத்திலும் திரையில் நீலக்கோடு மேலும் கீழுமாக நெளிந்து போய்க்கொண்டே இருந்தது. பியாட்ரிஸ் ஹெட்போனைக் கழற்றி, காதைத் தேய்த்துவிட்டு, மறுபடி மாட்டிக் கேட்டாள். ஒன்றும் இல்லை. கோடு மட்டும் இருந்தது.

எலெக்ட்ரானிக் சிட்டியில் அந்தக் கம்பெனியில் அவளுக்கு வேலையே முனகுவதுதான். அத்தனை பேர் ஒன்றாக வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவில் எது மெட்டு, எது துணைக்கு வருவது என்று கம்ப்யூட்டருக்குப் பிடிபடாது. தனக்குப் பட்டதை நீலக்கோடாக வரைந்து வைக்கும். சர்ச் கொயரில் பாடிப் பழகிய பியாட்ரிஸ் அதே பதிவைக் கேட்டுக்கொண்டே, காதில் விழும் மெட்டை வாயை மூடியபடி மைக்கில் முனகுவாள். அது சிவப்புக்கோடாக விழும். இரண்டும் ஒட்டினால் பதிவு பாஸ். ஒட்டாவிட்டால் திரும்பி அவளிடமே வரும்.

இந்தப் பதிவு காலையிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

“ஹரிஷ், கடைசியில ஒண்ணுமே இல்லப்பா. மெஷின் சும்மனே கோடு போடுது.”

டீம் லீடர் ஹரிஷ்குமார், ஈரோட்டுப் பையன், தன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மனுசக் குரல் ஒத்துக்கற வரைக்கும் அது வெறும் இரைச்சல் தானுங்க்கா. ஒத்துக்கிட்டாத்தான் மெட்டு. ‘இல்லை’ன்னு போட்டு அனுப்பிருங்க.”

“போட்டுட்டேன். மறுபடி எங்கிட்டயே வருது.”

“உங்க மேல அதுக்கு லவ்வு போல.”

சிரிக்கவும் தெம்பில்லை. தொண்டை காய்ந்து, ஏசிக் காற்றில் தோள் விறைத்துப் போயிருந்தது. பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர நேரமாகிவிடும். பக்கத்து வீட்டு ரத்தினம்மாளிடம் விட்டு வந்த ஜெனிட்டா, நாலு வயது, அம்மா முனகாமல் கண் மூட மாட்டாள். பியாட்ரிஸ் செய்யக் கூடாததைச் செய்தாள். காதால் கேட்காமல், கண்ணால் நீலக்கோட்டைப் பார்த்து, அது ஏறும் இடத்தில் ஏறி இறங்கும் இடத்தில் இறங்கி அப்படியே முனகிவிட்டாள். சிவப்பு நீலத்தின் மேல் மயிரிழை பிசகாமல் விழுந்தது.

பாஸ்.

ஹெட்போனில் இரைச்சல் சட்டென்று நின்றது. இத்தனை நேரம் அந்தப் பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த யாரோ மூச்சை அடக்கிக்கொண்டது போல.

மேம்பாலத்தில் பஸ் ஊர்ந்தது. ஈரக் குடைகளின் வாடையும் டீசல் வாடையும் கலந்த புழுக்கத்தில் கம்பியில் தலை சாய்த்தவளுக்குத் தொண்டைக்குள் அந்த மெட்டு சுற்றியது. இந்த வேலையில் அது சகஜம். சில மெட்டுகள் வீடு வரை ஒட்டிக்கொண்டு வரும். ஆனால் இது, அவள் முனகிய இடத்தைத் தாண்டியது. கோடே வரையாத பகுதிக்குள் தயங்காமல் போனது. பக்கத்து சீட்டுக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாய் மூடித்தான் இருந்தது. பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தாள். விழுங்கும்போதும் அது நிற்கவில்லை.

சிவாஜிநகரில், கறிக்கடைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. கணவன் கேப் ஓட்டப் போயிருந்தான். விளக்கை அணைத்ததும் ஜெனிட்டா அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டாள்.

“அம்மா, ம்ம் பண்ணு.”

“இன்னிக்கு வேணாம் கண்ணு. அம்மாக்குத் தொண்ட வலி.”

“கொஞ்சூண்டு.”

கண்ணை மூடினால் போதும் என்றிருந்தது. தினமும் முனகுவதையே தொடங்கினாள். முதல் வளைவு சரியாக வந்தது. இரண்டாவதில் தடம் மாறியது.

நிறுத்தினாள்.

அது நிற்கவில்லை.

குழந்தை இதைக் கேட்கக் கூடாது. அது மட்டும்தான் தோன்றியது. வாய் மூடி முனகினால் காற்று மூக்கு வழியாகத்தான் போயாக வேண்டும். மூக்கைப் பிடித்தால் சத்தம் வராது. வேலைக்குச் சேர்ந்த அன்று எல்லோரும் சிரித்துக்கொண்டே செய்து பார்த்தது. பியாட்ரிஸ் மூக்கை இறுகப் பிடித்தாள். உதடுகளைக் கடித்துக்கொண்டாள்.

தொண்டை அதிர்ந்தது. மெட்டு தெளிவாக வந்தது.

“போதும்,” என்று சொல்லப் பார்த்தாள். வார்த்தை வரவில்லை.

“நிறுத்தாதம்மா,” தூக்கத்தில் குழறினாள் ஜெனிட்டா. “அடுத்தது எனக்குத் தெரியும்.”

சின்ன உதடுகள் மூடின. முனகல் எழுந்தது. அம்மாவுக்கும் முன்னால், அடுத்த வளைவுக்கு.

வேண்டாம். ஒத்துக்கொள்ளாதே.

இருட்டில் கையை நீட்டிக் குழந்தையின் மூக்கைத் தொட்டாள். தயங்கினாள். ஒரு நொடி, மெல்லப் பிடித்தாள்.

ஜெனிட்டா அசையவில்லை. தூங்கிப்போயிருந்தாள். முகம் அமைதியாக இருந்தது.

மூக்கை விட்டு, கையைத் தொண்டைக்கு இறக்கினாள். ஒரு கை தன் தொண்டையில். ஒரு கை மகளின் தொண்டையில். இரண்டும் அதிர்ந்தன.

மயிரிழை பிசகாமல்.