தேரிக்காட்டுக்கு இழுத்துப் போன வீடு

"எனக்கு ஒரு வீடு வேணும் லோகேஸ். அதை வண்டியில கட்டி மணல்காட்டுக்கு இழுத்துட்டுப் போகணும். ஆடிக்குள்ள!"

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு மத்தியானத்தில், நாமக்கல்லில் லோகேஸின் லாரி பாடி கட்டும் ஷெட்டுக்குள் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து மேகலா இப்படிக் கேட்டாள். லோகேஸ் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தான். பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி. அவள் விளையாட்டுக்குப் பேசுகிறவள் இல்லை.

மேகலா மண்ணை ஆராய்கிறவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடிப் பக்கம் தேரிக்காட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். தேரி என்றால் செக்கச்செவேலென்ற மணல்மேடு. ஆடிக் காற்று அடித்தால் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். அப்படி மணல் விலகிய ஒரு சரிவில் ஒரு முழ நீளத்துக்குக் கருமண் படிந்திருந்ததையும், அதில் சின்னச் சின்னக் கல் ஆயுதங்கள் செருகிக்கொண்டிருந்ததையும் அவள் பார்த்தாள். கற்கால மனிதர்களின் அடுப்பு! காமிரா எடுக்கக் கூடாரத்துக்குத் திரும்பும் வழியில் ஜீப் கவிழ்ந்தது. முதுகெலும்பில் அடி. மற்றவர்கள் போய்ப் பார்ப்பதற்குள் மணல் மூடிவிட்டது.

யாரோ கருப்பட்டி காய்ச்சிவிட்டுப் போன அடுப்பாக இருக்கும், வெறும் பனங்கரி என்றார்கள். அவளுடைய பேராசிரியர் ஒருபடி மேலே போய், பாவம், விபத்து அதிர்ச்சியில் என்னென்னவோ தோன்றியிருக்கும் என்றார். கால் போனதைவிட அந்தப் 'பாவம்'தான் மேகலாவுக்கு வலித்தது. கண்ணால் பார்த்ததை எல்லாரும் கனவாக்கிவிட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அந்த இடத்தை மறுபடி கண்டுபிடிக்க வேண்டும். குறைந்தது ஐந்து நாள் அங்கேயே தங்க வேண்டும். கூடாரத்தில் இனி அவளால் படுக்க முடியாது. நாற்காலி நுழைகிற கதவு, சமமான கட்டில், கழிப்பறை எல்லாம் உள்ள ஒரு வீடு, சக்கரம் வைத்து, கூடவே வர வேண்டும்.

வீடு கட்டுவது லோகேஸுக்குப் பெரிய காரியமில்லை. பதினாலு அடியில் ஒரு ட்ரெய்லர், பின்பக்கம் சாய்வுப் பலகை. நாற்பது நாளில் முடித்துவிட்டான். எதை வைத்து இழுப்பது என்பதில்தான் ரகளை ஆரம்பித்தது.

ரகளைக்குக் காரணம் பர்வீன். பைபாஸில் லாரிகளை நிறுத்தி எடை போடும் எடைமேடையில் அவளுக்கு வேலை. இந்தக் கூட்டத்தின் மூன்றாவது ஆள். வண்டியைப் பார்த்தால் மற்றவர்கள் கலரைக் கேட்பார்கள். இவள் எடையைக் கேட்பாள். லோகேஸ் முதலில் காட்டியது ஒன்றரை டன் சுமக்கும் சிமெண்ட் கடை பிக்கப். பர்வீன் அதன் கதவைத் திறந்து, கம்பெனி ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டுச் சாத்தினாள். சுமக்கிறது வேறு, இழுக்கிறது வேறு என்றாள். பின்சக்கரம் மட்டும் சுற்றுகிற வண்டி மணலில் குழிதான் தோண்டும் என்றாள். அதோடு, மூன்று பேர் எங்கே உட்காருவது?

ஏழு வண்டிகள் பார்த்தார்கள். ஒன்றில் எஞ்சின் ஏற்றத்தில் கொதித்தது. ஒன்றின் சேஸில் துருவை மறைத்துப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். லோகேஸ் சாவியால் சுரண்டியதும் விற்க வந்தவர் போன் பேசப் போனவர் போனவர்தான். கடைசியில் ஈரோட்டில் ஒரு டபுள் கேபின் பிக்கப் கிடைத்தது. நாலு சக்கரமும் இழுக்கும். சுமப்பது என்னவோ அறுநூறு கிலோதான், ஆனால் இரண்டு டன் வரை இழுக்கும். மேகலா நாற்காலியிலிருந்து தானே கையூன்றி சீட்டுக்கு மாறிப் பார்த்தாள். உயரம் சரியாக இருந்தது. அதோடு தேர்வு முடிந்தது.

அப்புறம் ஜோடனை. சேஸோடு சேர்த்துக் கொக்கி பொருத்தினான் லோகேஸ். ட்ரெய்லருக்குத் தனி பிரேக் வைத்து, அதை மட்டும் பிடிக்க டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில் ஒரு லீவர் வைத்தான். பின்னால் வருவது தெரிய நீளக் கண்ணாடிகள். எல்லாம் முடிந்து ட்ரெய்லரை மாட்டியதும் பிக்கப்பின் வால் மூன்று அங்குலம் அமுங்கியது.

பர்வீன் முன்சக்கரங்களை மட்டும் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தாள். முன்னால் எழுபது கிலோ குறைந்திருந்தது. பின்னால் அழுத்தினால் முன்னால் தூக்கத்தானே செய்யும்? ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டுமானால் கொக்கியின் பாரத்தை முன்சக்கரத்துக்கும் பகிர்ந்து கொடுக்கிற இரண்டு வில்கம்பிகள் மாட்ட வேண்டும் என்றாள். கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தாள்.

நாமக்கல் ஷெட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் காதில் ஏறுமா? அங்கே எந்த வண்டிக்கு எந்த வியாதி வந்தாலும் மருந்து ஒன்றுதான்: ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்ப்பது. வால் தூக்கி நிற்கிற வண்டிதான் அவர்களுக்கு லட்சணமான வண்டி. லோகேஸ் யாரிடமும் சொல்லாமல் ஒரு பட்டை சேர்த்தான். இன்னும் கொஞ்சம் அமுங்கினாற்போல் தெரிந்ததால், ட்ரெய்லரின் முன்னால் இருந்த எட்டுத் தண்ணீர்க் கேன்களையும் ஜெனரேட்டரையும் கடைக்கோடிக்குத் தள்ளிவிட்டான். வால் ஜம்மென்று நிமிர்ந்தது. வில்கம்பிகள் டூல்ஸ் பெட்டிக்குள் தூங்கின.

மறுநாள் காலையிலேயே தேரிக்காட்டிலிருந்து போன் வந்துவிட்டது. ஆடு மேய்க்கும் சுயம்பு பேசினார். மூன்று வருஷமாக மேகலாவுக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மணலைப் பார்த்து வருகிறவர். கருப்பாக ஒரு சாண் தெரிகிறது, காற்று இப்படியே அடித்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது என்றார். வில்கம்பி மாட்டியிருக்கிறதா என்று பார்க்க, மறுபடி எடை போட யாருக்கு நேரம்? கிளம்பிவிட்டார்கள்.

மதுரை தாண்டும்வரை சொகுசான பயணம். கோவில்பட்டிக்கு அப்பால் காற்றாலைகள் தென்பட்டன. மேற்கிலிருந்து ஆடிக் காற்று வலப்பக்கமாக வந்து மோதியது. லோகேஸ் எண்பதில் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு பஸ் உரசினாற்போல் முந்திக்கொண்டு போனதுதான் தாமதம், ட்ரெய்லர் இடப்பக்கம் வீசியது. அப்புறம் வலப்பக்கம். ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிதாக, பிக்கப்பின் பின்புறத்தையே பிடித்து ஆட்டியது. லோகேஸின் கால் பிரேக்குக்குப் பாய்ந்தது.

"பிரேக்க மிதிக்காத! ஸ்டியரிங்க நேரா புடி!" என்று கத்திய பர்வீன், நடுவில் இருந்த லீவரை இழுத்தாள். ட்ரெய்லரின் பிரேக் மட்டும் பிடித்தது. பின்னாலிருந்து யாரோ வாலைப் பற்றி இழுத்ததுபோல் வண்டி நிமிர்ந்து, மெல்ல மெல்ல வேகம் குறைந்து ஓரமாக நின்றது.

பின்சீட்டில் மேகலா முன்சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜீப் கவிழ்ந்த அந்த நாள் அப்படியே அவள் முன்னால் வந்து நின்றது. அவளுக்குப் பயமாக இருந்தது; வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூட இருந்தது. லோகேஸ் திரும்பி அவளைப் பார்க்கவே தைரியமில்லாமல், கேன்களை நகர்த்தியதையும் பட்டை போட்டதையும் ஒப்புக்கொண்டான். "என்ற தப்புதான் புள்ள. திருப்பிரட்டுமா?"

மேகலா வெளியே சுற்றும் காற்றாலைகளைப் பார்த்தாள். அதே காற்றுதான் அங்கே தேரியிலும் மணலை அள்ளிக்கொண்டிருக்கும்.

"வேண்டாம். எடை போடு," என்றாள்.

மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்து, கயத்தாறு அருகே ஒரு எடைமேடைக்குப் போனார்கள். பிக்கப்பைத் தனியாகவும், ட்ரெய்லரை மாட்டி அதன் சக்கரங்கள் மேடைக்கு வெளியே நிற்கும்படியும் பர்வீன் எடை போட்டாள். இரண்டுக்கும் வித்தியாசம் நாற்பதே கிலோ. ஒன்றரை டன் வீடு கொக்கியில் வெறும் நாற்பது கிலோவைத்தான் அழுத்திக்கொண்டிருந்தது. எடைமேடைக்காரர் ட்ரெய்லருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பின்பாரமால்லா ஏத்திருக்கிய. மாட்டுவண்டியா இருந்தா மாட்டைத் தூக்கிக்கிட்டு அந்தரத்துல நின்னுருக்கும். முன்பாரம் வேணும்யா."

லோகேஸுக்குச் சுருக்கென்றது. டன் கணக்கில் பேசிப் பழகிய வாய்க்கு அந்தப் பழைய வார்த்தை மறந்தே போயிருந்தது. எட்டுக் கேன்களையும் தானே தூக்கி, அச்சுக்கு முன்னால் கொண்டுபோய் அடுக்கினான். ஜெனரேட்டரை முன்கோடியில் கட்டினான். இப்போது கொக்கியில் நூற்றெழுபத்தைந்து கிலோ. வில்கம்பிகளை மாட்டி முறுக்கியதும் முன்சக்கரத்தில் குறைந்த எடை திரும்பி வந்தது. பிக்கப்பின் வால் மட்டும் இரண்டு விரற்கடை தாழ்ந்தே நின்றது. யாராவது இதைப் படம்பிடித்து நாமக்கல்லுக்கு அனுப்பினால் ஷெட்டை மூட வேண்டியதுதான் என்று புலம்பிக்கொண்டே ஓட்டினான். அறுபதைத் தாண்டவில்லை. காற்று மோதியது, வீடு அசையாமல் பின்னால் வந்தது.

தேரிக்காட்டின் விளிம்பில் சுயம்பு துண்டை வீசிக்கொண்டு நின்றார். வனத்துறை கொடுத்த அனுமதிக் கடிதத்தில் இன்னும் ஐந்து நாள் இருந்தது. கெட்டியான தரை பார்த்து ட்ரெய்லரைக் கழற்றி நிறுத்தினார்கள். டயர்களில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, பிக்கப்பை மட்டும் செம்மணலில் விட்டார்கள். இருமுறை புதைந்தது. ஓட்டை போட்ட இரும்புத் தகடுகளைச் சக்கரத்துக்கு அடியில் செருகி மீட்டார்கள். சரிவு நாற்பது அடியில் இருக்கும்போது இனி வண்டி ஏறாது என்றாகிவிட்டது. தூக்கிக்கொண்டு போவதாக லோகேஸ் சொன்னான். மேகலா சம்மதிக்கவில்லை. அதே தகடுகளை நாற்காலிக்கு முன்னால் போட்டார்கள். அவள் உருட்டிக்கொண்டு ஏறுவாள். பின்னால் காலியாகும் தகட்டைப் பர்வீன் எடுத்து முன்னால் போடுவாள். நாற்பது அடிக்கு முக்கால் மணி நேரம்!

கருமண் இருந்தது. ஆனால் அரைச் சாண்தான் மிச்சம். நாற்காலியிலிருந்து மணலில் இறங்கி உட்கார்ந்து, மேகலா பிரஷ்ஷால் நீவத் தொடங்கினாள். கருப்பு எவ்வளவு தூரம் உள்ளே போகிறது? இறுகிய பழைய மண்ணுக்கு அடியில் போனால் அது பழைய அடுப்பு. மேலோடு முடிந்தால் பனங்கரிதான். முதல் நாள் சாயங்காலம் நாலு விரற்கடையிலேயே கருப்பு முடிந்துபோனது. அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருவேளை பேராசிரியர் சொன்னதுதான் சரியோ என்று முதல்தடவையாக அவளுக்கே சந்தேகம் வந்தது.

இரண்டாம் நாள் இடப்பக்கம் வெட்டிப் பார்த்தாள். செங்கல்லாக இறுகிய மண். ஒரு சாண் ஆழத்தில் கொத்துக்கரண்டி கருப்பைத் தொட்டது. கருப்பு உள்ளே போனது. இன்னும் உள்ளே போனது. மூன்று கற்கள், நடுவில் சாம்பல், வெந்து வெடித்த சிப்பிகள், நகத்தளவு கல்சில்லுகள். ஒரு சில்லின் விளிம்பில் லோகேஸ் விரலை வைத்தான். கீறி ரத்தம் வந்தது. இத்தனை காலம் மண்ணில் கிடந்தும் மழுங்கவில்லையே என்று வாயைப் பிளந்தான். இங்கே உட்கார்ந்து சமைத்தவர்களுக்குக் கடல் எவ்வளவு தூரத்தில் இருந்திருக்கும், தண்ணீரை எதில் கொண்டுவந்திருப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மேகலா விடாமல் பிரஷ்ஷால் நீவிக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துத் துடைத்து அவள் முகமெல்லாம் செம்மண்.

படமெடுத்து, அளந்து, கரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப அலுமினியத் தாளில் பொதிந்தார்கள். ஐந்தாம் நாள் காலையில் அந்தச் சரிவே இல்லை. மணல் வழித்து மூடியிருந்தது. பெட்டிகளை முன்பாரமாக வைத்துக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இப்போதெல்லாம் பட்டை சேர்க்க வருகிறவர்களை லோகேஸ் முதலில் பர்வீனிடம் எடை போட அனுப்புகிறான். வருகிறவர்கள் திட்டுகிறார்கள். அவன் கேட்பதாயில்லை.

கார்த்திகையில் ஆய்வுக்கூட முடிவு வந்தது. பனங்கரி இல்லை, பல ஆயிரம் வருஷத்துக் கரி. பல்கலைக்கழகக் கூட்டத்தில் மேகலாவைப் பேச அழைத்தார்கள். நிறையத் தயார் செய்துகொண்டு போயிருந்தாள். திரையில் அடுப்பின் படம் விழுந்ததும், "நான் அன்னைக்குப் பார்த்தது இதுதான்," என்றாள். தயார் செய்த தாள்களை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

முன்வரிசையில் அந்தப் பேராசிரியர் எழுந்தார். அடுத்த ஆடிக்குத் தன்னையும் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார். அது மன்னிப்பு இல்லைதான். ஆனாலும் அவர் குரலில் அந்தப் 'பாவம்' இல்லை. மேகலா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"வாங்க சார்," என்றாள்.