கூப்பிடுகிற வரைக்கும்

விற்கிறவனே முதலில் விலையை இறக்கினால், வாங்குகிறவன் பொருளைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சிக்பேட்டைப் பாத்திரக்கடைக்காரரின் மகளான தேஜாவுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் பெங்களூரிலிருந்து சாமான் லாரி கிளம்பியாகிவிட்டது. கணவன் கிருபாசங்கர் பெருந்துறைத் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர வேண்டிய தேதியும் நெருங்கிவிட்டது. கோயம்புத்தூருக்கு அருகே சோமனூரில் வீட்டுக்காரர் பாலுசாமி, இவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே வாடகையைக் குறைத்துச் சொன்னபோது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சந்தோஷத்தை மறைத்துக்கொண்டார்கள்.

"பின்னாடி இருக்கற தறிக்குடோன் மட்டும் பூட்டியே கெடக்கட்டும் அம்மணி," என்றார் பாலுசாமி. "தறியெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டாச்சுங்க. நூல் பெட்டிதான் கெடக்குது. பூச்சி பொட்டு இருக்கும்."

அவர் மனைவி பாப்பாயி, ஒன்பது வயது கனிஷ்காவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கண்ணு எந்தப் பள்ளிக்கோடமுங்க?"

"ஸ்கூல் இல்லைங்க. வீட்டுலயே நான் சொல்லித் தர்றேன்."

"ஊட்டுலயேவா," என்றார் பாப்பாயி. அவர் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. சும்மா விசாரிப்பவர் முகம் அப்படி அணையாது. அதையும் தேஜா திருப்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கேள்வி அவளுக்குப் பழகிப்போயிருந்தது. பஸ் கண்டக்டர் கேட்பார். தையல்காரர் அளவெடுத்துக்கொண்டே கேட்பார். கோயில் வரிசையில் முன்னால் நிற்பவர் சாமியை விட்டுவிட்டுத் திரும்பி நின்று கேட்பார். பள்ளி நேரத்தில் தெருவில் ஒரு பிள்ளை தென்பட்டால் அது ஊருக்கே பொதுச்சொத்து. கனிஷ்கா பதில் சொல்வதையே ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டாள். பிறகு வெளியே வருவதையும்.

இதற்காகத்தான் தேஜா கோயம்புத்தூரில் இருக்கும் வட்டத்தைத் தேடிப் பிடித்தாள். பிள்ளைகளை வீட்டில் வைத்தே படிக்க வைக்கும் குடும்பங்கள் மாதம் இரண்டு முறை கூடும். முதல் சந்திப்பு ரேஸ்கோர்ஸில், மரத்தடியில். பெண் பார்க்கப் போவது போல எல்லாரும் சிரித்துக்கொண்டே எடைபோட்டார்கள். ஒரு வீட்டில் பாடப்புத்தகமே கிடையாதாம். இன்னொரு வீட்டில் பல் துலக்குவதற்கும் கால அட்டவணை உண்டாம். மற்றவர் பிள்ளை உருப்படாது என்பதில் மட்டும் இரு வீட்டாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வட்டத்தை நடத்திய யாஸ்மின் மட்டும் தேஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க ஒரே சட்டம்தான் அக்கா. யார் பிள்ளையையும் ஏன் ஸ்கூலுக்குப் போகலன்னு கேக்கக் கூடாது. எப்பவுமே."

"அது போதும்," என்றாள் தேஜா. அழுகை வந்துவிட்டது.

ஆனால் சோமனூர் என்றதும் ஒவ்வொருவரும் போனை எடுத்துத் தூரம் பார்த்தார்கள். அவர்கள் வடவள்ளி, சாயிபாபா காலனிப் பக்கம். பிள்ளைகள் ஏற்கெனவே கூட்டுச் சேர்ந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். திரும்பும்போது கனிஷ்கா கார்க் கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி சொன்னாள்.

"அவங்களுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கும்மா."

அதற்குப் பிறகு வீட்டில் பகல்கள் நீண்டன. கிருபாசங்கர் காலையில் போனால் இருட்டித்தான் வருவார். சுற்றிலும் தறிச் சத்தம் மட்டும் ஓயாது. சாப்பாட்டு நேரத்தில் தறிகள் நிற்கும்போது காதில் பஞ்சை அடைத்தது போல ஒரு மௌனம் வரும். அந்த மௌனத்தில் கனிஷ்கா சுவரோடு பேசிக்கொண்டிருப்பது கேட்கும்.

மார்கழியில் ஒரு நாள் முற்பகலில் பின்வாசலில் அந்தப் பெண் நின்றாள்.

கனிஷ்கா வயதுதான் இருக்கும். வெறுங்கால். ரெட்டைச் சடை முழுக்கப் பஞ்சுத் தூசி. சால்வை போர்த்த வேண்டிய குளிரில் அவளுக்கு மட்டும் வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

"ஏனுங் அத்தை, தண்ணி தர்றீங்களா?"

கிசுகிசுப்பாகத்தான் கேட்டாள். ஒரு சொம்பு குடித்தாள். இன்னொன்று கேட்டாள். அதையும் குடித்தாள்.

"பேர் என்ன கண்ணு?"

"துளசிமணிங்க."

"வீடு எங்கே?"

"இங்கதானுங்க," என்று பின்பக்கம் கை காட்டினாள்.

அடுத்த கேள்வி தேஜாவின் தொண்டை வரைக்கும் வந்தது. இது பள்ளி நேரம். ஊரில் வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்கள். அவள் விழுங்கிவிட்டாள். ஊர் கேட்பதை நாமும் கேட்பதா என்று ஒரு பெருமை. வாழ்க்கையில் அவள் அதிக விலை கொடுத்து வாங்கிய பொருள் அந்தப் பெருமைதான்.

அன்றே யாஸ்மினுக்குச் செய்தி அனுப்பினாள். "இங்கேயும் நம்மைப் போல ஒரு வீடு இருக்கிறது!"

துளசிமணி தினமும் வந்தாள். கனிஷ்கா அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித் தந்தாள். அவள் கனிஷ்காவுக்குப் பேனாக் குழாயில் நூல் சுற்றக் காட்டிக் கொடுத்தாள். கனிஷ்கா வாய்விட்டுச் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அடுப்படியில் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்கும்போது தேஜாவுக்கு மற்றதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரிந்தது.

அந்தப் பெண் ஒருமுறைகூடச் சத்தமாகப் பேசியதில்லை என்பது.

அவள் உட்கார்ந்து எழுந்த இடம், அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் போலச் சுடும் என்பது.

வாசலில் ஏதாவது வண்டி நின்றால், பேச்சின் பாதியில் அவள் அங்கே இல்லாமல் போய்விடுவாள் என்பது.

தை பிறந்த பிறகு ஒரு நாள் ஸ்கூட்டரில் இரண்டு டீச்சர்கள் வந்தார்கள். பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு வாசலில் பேசுவது கேட்டது. தேஜா பிள்ளைகள் இருந்த அறைக்கு ஓடினாள். வீட்டிலேயே படிக்க வைக்கும் எல்லா அம்மாக்களுக்கும் அந்தப் பயம் தெரியும். பெயரை எழுதிக்கொண்டு போனால் நாளைக்கு இன்னொருவர் வருவார், மறுநாள் அவருக்கும் மேலே ஒருவர். பெங்களூரில் பழகிய பழக்கம், யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

"ரெண்டு பேரும் உள்ள போய் ஒளிஞ்சுக்கங்க. சத்தமே வரக் கூடாது. நான் கூப்பிடற வரைக்கும் வெளிய வராதீங்க."

கனிஷ்கா விழித்தாள். துளசிமணி விழிக்கவில்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்திருந்த ஒரு சொல்லைக் கேட்டவள் போல மெல்ல எழுந்து, கனிஷ்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எடம் எனக்குத் தெரியுமுங்க அத்தை."

டீச்சர்கள் நல்லவர்கள். வெயிலில் வாடியிருந்தார்கள்.

"ஏனுங்க, ஊட்டுல படிக்கற வயசுல யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லைங்க. நாங்க ரெண்டு பேர்தான்."

"பக்கத்துல புள்ளைங்க யாராச்சும் சும்மா சுத்தீட்டு இருந்தாச் சொல்லுங்கம்மணி. பாவம், கணக்குல வராமயே போயிருதுக."

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்ததும் தேஜா உள்ளே திரும்பினாள்.

"கனி, போயிட்டாங்க. வா."

அறை அறையாகத் தேடினாள்.

கட்டிலுக்கு அடியில் இல்லை. குளியலறையில் இல்லை. மொட்டைமாடியில் இல்லை. அப்போது சுற்றுவட்டாரத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. சாப்பாட்டு நேரம். காது அடைத்துக்கொண்டது.

அந்த மௌனத்துக்குள் எங்கோ ஒரு மூச்சு கேட்டது. பின்பக்கம்.

குடோன் பூட்டுத் துரு ஏறி, கொண்டியோடு ஒன்றாகிப் போயிருந்தது. வருடக்கணக்கில் யாரும் தொடாத பூட்டு. தேஜா தகரக் கதவில் காதை வைத்தாள். கதவு கொதித்தது.

உள்ளே ஒரு கிசுகிசுப்பு. "கத்தாத. கதவத் தட்டாத. கூப்புடுவாங்க."

அவள் போட்ட கூச்சலில் பாலுசாமியும் பாப்பாயியும் ஓடி வந்தார்கள். பாலுசாமி சாவியைத் தேடவே இல்லை. அப்படி ஒரு சாவி இப்போது அவரிடம் கிடையாது என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. பாப்பாயிதான் கடப்பாரையைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தார்.

"இப்பவாச்சும் ஒடைங்க."

பூட்டு தெறித்தது. உள்ளிருந்து சூளை போல அனல் வந்து முகத்தில் அடித்தது. தை மாதத்தில். பாவுக்குப் போடும் கஞ்சி வாடை, பழைய நூல் வாடை, அதற்கும் அடியில் இன்னொரு வாடை.

நூல் பெட்டிகளின் இடுக்கில் கனிஷ்கா உட்கார்ந்திருந்தாள். வாயைத் தன் கையாலேயே பொத்தியிருந்தாள். உடம்பு தொப்பலாக நனைந்திருந்தது.

"கனிஷ்கா," என்றாள் தேஜா.

பெயரைக் கேட்ட பிறகுதான் கையை எடுத்தாள். வெளியே தூக்கி வந்து தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு அவள் குடோனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவளையும் கூப்பிடும்மா. என்னை மட்டும் கூப்பிட்டே."

பாப்பாயி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"துளசிங்களா," என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தார்க்குச்சியில நூல் சுத்தறதுக்கு வெச்சிருந்தோமுங்க. கொழந்தைய வேலைக்கு வெச்சிருக்கறாங்களான்னு ஆபீசருங்க வந்தா உள்ள உட்டுப் பூட்டிப்போடுவாரு. பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் வெளிய வரோணும், சத்தம் போடக் கூடாதும்பாரு. ஒரு சித்திரையில ஆபீசருங்க இவரையே விசாரிக்கக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. சாவி இவரு பாக்கெட்டுல. உள்ள ஒரு புள்ள இருக்குதுன்னு சொன்னாக் கேசாயிருமுன்னு இவரு வாயவே தொறக்கல. நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருந்தேன். வந்து பாக்கறப்ப..."

பாலுசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"கதவத் தட்டக்கூட இல்லீங்க அந்தப் புள்ள," என்றார் பாப்பாயி. "தட்டக் கூடாதுன்னு சொல்லியிருந்தோம். அத்தன சொன்ன பேச்சுக் கேக்கும்."

தேஜா கதவுப் பக்கம் ஓர் அடி வைத்தாள். பாலுசாமி குறுக்கே கையை நீட்டினார்.

"வேண்டாம் அம்மணி. கூப்புட்டா வந்துரும்."

அவள் கூப்பிடவில்லை. அணைப்பில் தன் பிள்ளை இருந்தது. ஒரு பிள்ளையை மீட்டவள் இன்னொன்றுக்குக் கை நீட்டப் பயந்தாள். அதை அவளால் பின்னால் ஒருபோதும் நியாயப்படுத்திக்கொள்ள முடியவில்லை.

அந்த வாரமே சாயிபாபா காலனியில் வீடு பார்த்தார் கிருபாசங்கர். இந்த முறை பேரமே பேசவில்லை.

சாமான் ஏற்றி முடிந்ததும் கனிஷ்கா வண்டியில் ஏற மாட்டேன் என்று வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"நமக்கு யாருமே இல்லாதப்ப அவ வந்தாம்மா."

தேஜா தனியாகப் பின்பக்கம் போனாள். குடோன் கதவு திறந்துதான் கிடந்தது. அதைச் சாத்தப் பாலுசாமிக்குத் தைரியம் வந்திருக்கவில்லை. நிலைப்படியில் நின்றாள். உள்ளே நல்ல பகலிலும் இருட்டு.

"துளசிமணி," என்றாள். குரல் எழும்பவில்லை. மறுபடி சொன்னாள். "துளசிமணி, எல்லாரும் போயிட்டாங்க. வா கண்ணு."

எதுவும் அசையவில்லை. தூரத்தில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. லாரிக்காரர் ஹாரன் அடித்தார். கூப்பிட்டாகிவிட்டது, இனி யாருக்கும் பாக்கியில்லை என்று நினைத்துக்கொண்டு அவள் திரும்பி நடந்தாள். பாதி வழியில்தான் அழுகை வந்தது.

புது வீட்டுக்கு வட்டம் முழுதும் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் வந்தது. ஒருவர் பஜ்ஜி மாவு கரைத்துக்கொண்டு வந்தார். பாடப்புத்தகம் இல்லாத வீட்டாரும் அட்டவணை வீட்டாரும் அடுப்படியில் ஒரே வாணலிக்குச் சண்டை போட்டார்கள். உள்ளறையில் பிள்ளைகளின் கூச்சல் கூரையைத் தூக்கியது. அதில் கனிஷ்காவின் சிரிப்பு தனியாகக் கேட்டது. இவ்வளவுதானே நான் கேட்டேன் என்று தேஜா நினைத்தாள். பஜ்ஜி கருகுவதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

வெளிச்சம் இறங்கும் நேரத்தில் எல்லாரும் கிளம்பினார்கள். ஆடிக் களைத்த கனிஷ்கா சோபாவிலேயே தூங்கிப்போயிருந்தாள். கடைசியாக யாஸ்மின் வாசலில் நின்று செருப்பை மாட்டினாள்.

"அடுத்த வாரம் எங்க வீட்டுல அக்கா. ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க."

"ரெண்டு பேரா?"

"கனியும், அந்த இன்னொரு பொண்ணும். பாவம், ரொம்ப சாது. பேசினதே கிசுகிசுன்னுதான். உங்களை அத்தைன்னு சொன்னா. அண்ணன் பொண்ணா?"

தேஜாவின் கை கதவை இறுகப் பிடித்தது.

"வேற என்ன கேட்ட அவகிட்ட?"

"நான் என்னக்கா கேக்கப் போறேன்? நம்ம சட்டம் தெரியாதா?" யாஸ்மின் சிரித்தாள். "அவளாத்தான் சொன்னா. அத்தை கூப்புட்டாங்க, அதான் வந்தேன்னு."

கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். யாஸ்மின் பதிலுக்காகக் காத்திருந்தாள். இல்லை என்று சொல்ல தேஜா வாயெடுத்தாள். கணக்கெடுக்க வந்தவர்களிடம் சொன்ன அதே இல்லை. அது நாக்கில் வந்து நின்றுவிட்டது.

"ஆமா," என்றாள். "எங்க வீட்டுப் பொண்ணுதான்."

யாஸ்மினின் காலடிச் சத்தம் படிகளில் இறங்கி ஓய்ந்தது. தேஜா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். விளக்குப் போடாத கூடத்தில் கனிஷ்கா வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

உள்ளறையில் துணி அலமாரி இருக்கும் மூலையிலிருந்து, மிக மெதுவாக, ஒரு குரல் கேட்டது.

"அத்தை, எல்லாரும் போயிட்டாங்களா?"