உரியாத நாடா

ரொறன்ரோ விளையாட்டு வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய பேரறிவிப்பு: 1987 சித்திரையில், ஸ்காபரோவின் மாபெரும் ஐஸ் ஹொக்கி அணி தன் பணியை நிறைவு செய்தது. பணி என்பது, மேல்மட்டத்தில் ஆடும் பெரிய அணி கேட்கும்போது ஆள் அனுப்புவது. மற்ற நேரங்களில் தோற்பது.

உடைமாற்றும் அறையில் ஒவ்வோர் இருக்கைக்கு மேலும் வெள்ளை நாடாவில் வீரனின் பெயர் இருக்கும். பெரிய அணி அழைத்தால் அதை உரிப்பார்கள். உரிப்பவர் அன்புராசா, டோர்செட் பார்க்கிலிருந்து பஸ்ஸில் வந்து அறை கழுவுபவர்.

கோல் காப்பாளன் மோரிஸின் நாடா மட்டும் உரிபடவேயில்லை. பெரிய அணி எப்போது அழைக்கும் என்று கேட்டால், மனேஜர் டன்னிங் நான்கு வருடங்களாக அவனிடம் "நெக்ஸ்ற் வீக்" என்று சொல்லிவந்தார். தை மாதத்தில் ஒரு மத்தியானம், முழுக் கவசத்தோடு, சுவர்த் தொலைபேசியைப் பார்த்தபடியே மோரிஸ் இருக்கையில் செத்திருந்தான். ஒரு நிமிட மௌன அஞ்சலியில் டன்னிங் இரண்டு தடவை மணி பார்த்தார்.

அன்புராசா நாடாவை உரித்தார். மறுநாள் அது அங்கேயே இருந்தது. சித்திரை வரையும் உரிக்க உரிக்க அப்படித்தான்.

"ஆரண்ணை உதைத் திருப்பி ஒட்டுறது?"

ஐஸ் தளத்தை மட்டமாக்கும் மெஷின் ஓட்டும் பஸ்ரியன் தலை நிமிரவில்லை. "கேள்வி கேளாமல் உரியும். உமக்குக் கடிதம் வேணுமெல்லே?"

வேண்டும். வியாழக்கிழமை அகதி விசாரணை. நிரந்தர வேலை உண்டென்று முதலாளியின் கடிதம் இருந்தால் நல்லது என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். டன்னிங் தோளில் தட்டி, "நெக்ஸ்ற் வீக்" என்றிருந்தார்.

புதன்கிழமை அலுவலகம் வெறுமையாக இருந்தது. அணியோடு டன்னிங் ஒரேயடியாக அமெரிக்காவுக்குப் போய்விட்டார்.

"துரை குப்பைவாளியையும் விடேல்லை," என்றார் பஸ்ரியன். "உம்மை மட்டும்தான் விட்டிட்டுப் போயிருக்கிறார்."

அன்புராசா தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுக்க உடைமாற்றும் அறைக்குள் போனார். ஈரக் கையுறைகளின் புளித்த வாடை. கையுறைகள் எதுவும் இல்லை.

எங்கோ தோற்கவசம் நெரியும் சத்தம்.

மோரிஸின் இருக்கை நனைந்திருந்தது.

தொலைபேசி அடித்தது.

அதன் வயரை அறுத்துவிட்டுத்தான் போயிருந்தார்கள்.

எடுத்தார். முகமூடிக்குள்ளிருந்து வருவதுபோல் மூச்சு. பிறகு, மெல்ல:

"நெக்ஸ்ற் வீக்."

திரும்பினார். மோரிஸின் நாடாவுக்குப் பக்கத்தில் இன்னொரு நாடா. புதியது.

அன்புராசாவின் பெயர்.

நகத்தால் கீறினார். உரியவில்லை.

மறுநாள் கடிதமில்லாமல் விசாரணைக்குப் போனார். அதிகாரி மிகவும் மரியாதையானவர். முடிவை நெக்ஸ்ற் வீக் சொல்வதாகச் சொன்னார்.