பட்டினி போட்ட உணரி

ஜெபக்கனி ஒரு வாரமாகக் கிழக்கு அறையைப் பட்டினி போட்டிருந்தாள்.

மற்ற அறைகளுக்கு அந்தக் குறை இல்லை. அவள் அடியெடுத்து வைத்தால் விளக்கு மெல்ல விரியும், தாண்டிப் போனால் அவள் முதுகுக்குப் பின்னால் கண்மூடிக்கொள்ளும். கூரை மூலையில் பொத்தான் அளவில் ஒட்டியிருக்கும் அசைவுணரிகளின் வேலை அது. அவற்றுக்குள் இருப்பது நடைக்கலம். மனித உடம்பின் சூடு நகர்ந்து போவதையே மின்சாரமாக்கிக் குடித்துக்கொள்ளும். பேட்டரி மாற்றும் தொல்லை விட்டதென்று தூத்துக்குடியே அதற்கு மாறியிருந்தது. ஆள் நடமாடினால்தான் அதற்குச் சாப்பாடு. இல்லாவிட்டால் கலம் வற்றி, சிவப்புப் புள்ளி துடித்து, எச்சரிக்கை வீட்டுக்காரரைத் தேடிப் போகும்.

அவள் வீட்டுக்காரர் அருமைநாயகம் நிலாவில் இருந்தார். அங்கே சுரங்கத்தில் துளைப்பொறி ஓட்டுகிறார். ஒப்பந்தம் முடிய இன்னும் நான்கு வருடம். சொந்தப் பேச்சுக்கு மாதத்தில் ஒரு நாள்தான் இணைப்பு. சாப்ட்டியளா, மழை உண்டா என்று கேட்பதற்குள் முடிந்துவிடும். ஆனால் வீட்டுப் பாதுகாப்பு எச்சரிக்கை என்றால் சுரங்க நிறுவனம் உடனே இணைப்புக் கொடுத்தாக வேண்டும், அது தீரும்வரை துண்டிக்கவும் கூடாது. சட்டம் அப்படி. சுரங்கத்தாரின் மனைவிமார் சும்மா இருப்பார்களா? அந்தத் தெருவில் வீட்டுக்கொரு அறை ஆள் நுழையாமல் கிடந்தது. கணவன்மாரிடம் மட்டும் யாரும் மூச்சு விடவில்லை. நிறுவனத்தார் பேச்சை ஆள் வைத்துக் கேட்பார்கள், தெரிந்தால் அந்த இணைப்பையும் பிடுங்கிவிடுவார்கள்.

சாயங்காலம் சிவப்புப் புள்ளி துடித்தது. சற்று நேரத்தில் சுவரிலிருந்து அவர் குரல் வந்தது.

வழக்கமாக “உள்ள போயி நட” என்பார். அவள் அறைக்குள் சுற்றிச் சுற்றி நடப்பாள், கலம் சீக்கிரம் நிறைந்துவிடாமல் மெதுவாக. அங்கே அவரும் துள்ளித் துள்ளி நடந்துகொண்டே பேசுவார். அவள் சொல் போய் அவர் பதில் வர மூன்று வினாடி பிடிக்கும். அந்த இடைவெளியில் ஜன்னலில் வெளிறித் தெரியும் நிலாவைப் பார்த்து, இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். இரண்டு பேரும் ஒரே கடற்கரையில் நடப்பதாகவே அவளுக்குத் தோன்றும்.

இன்று அவர் நடக்கச் சொல்லவில்லை.

“பார்சல் வந்துச்சா கனி?”

“காலையில வந்துச்சு. என்னதுங்க அது?”

“லித்தியக் கலம். நீ நடக்கவே வேண்டாம். வீட்ல உள்ள எல்லா உணரிக்கும் அது ஒண்ணே ஊட்டும். பத்து வருசத்துக்குக் கவலை இல்ல.”

“இப்ப எதுக்கு அது? நடைக்கலம் நல்லாத்தான இருக்கு.”

“என்னத்த நல்லாருக்கு? வாரத்துக்கு ஒருதரம் அந்த ரூம்பு குருடாயிருது. நீ ஒத்தையில இருக்க. ஜன்னல் வழியா எவனும் ஏறிட்டான்னா? எனக்கு உறக்கமே இல்லட்டி. முந்தாநாள் வேலையில கண்ணு சொக்கிட்டு. பக்கத்துல நின்னவன் பிடிச்சு இழுத்தான், இல்லன்னா கை போயிருக்கும்.”

அது குருடாகவில்லை, நான்தான் குருடாக்கினேன் என்று சொல்ல வாயெடுத்தாள். இணைப்பில் யாரோ மூன்றாம் ஆள் தொண்டையைச் செருமினான். சொல்லை விழுங்கிக்கொண்டாள். பேச்சுக்கு ஆசைப்பட்டு இவர் கையையா பறிகொடுக்கப் பார்த்தேன் என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பழைய கலத்தைக் கழற்றினாள். தெரிந்ததையெல்லாம் தெரியாததுபோல் கேட்டாள்.

“மூடியை எந்தப் பக்கம் திருகணும்?”

“வலப் பக்கம்.”

“பொறவு திறக்கலாமா?”

“திறக்கப்பிடாது. திறந்தா போலீஸ் ஸ்டேஷன்ல போயி மணி அடிக்கும்.”

“இனிமே உறங்குவியளா?”

“நல்லா உறங்குவேன், நீ போடு.”

அவர் சிரிப்பது கேட்டது. அவள் கலத்தை வைத்து அழுத்தினாள். மூடியைத் திருகத் தொடங்கினாள். அங்கிருந்து ஏற்கெனவே கிளம்பிவிட்ட குரல் அப்போதுதான் வந்து சேர்ந்தது.

“ஏ கனி, கொஞ்சம் நில்லு. அப்போ இனி எனக்கு எச்சரிக்கையே வராதுல்லா? வாரா வாரம் நாம பேசுதது...”

மூடி இறுகிவிட்டது. புள்ளி பச்சையானது. எச்சரிக்கை தீர்ந்தது, நன்றி என்று ஒரு பெண்குரல் மரியாதையாகச் சொல்ல, இணைப்பு அறுந்தது.

ஜெபக்கனி ஸ்டூலிலிருந்து இறங்கி, அதன்மேலேயே உட்கார்ந்து அழுதாள். அவள் தோள் குலுங்குவதை உணரி உடனே கண்டுகொண்டது. கிழக்கு அறையில் நடமாட்டம் உண்டு, வீடு நலம் என்று நிலாவுக்குச் செய்தி அனுப்பியது.