இடமில்லை

தரை சமமாகத்தான் இருந்தது. ஆனாலும் வேனின் பின்பக்கம் தாழ்ந்து கிடந்தது. வண்டி நிறுத்தித் தங்கும் கடைசி முகாமிலிருந்து கிளம்பியது முதலே இப்படித்தான். யாரோ பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டதுபோல மேட்டிலெல்லாம் வண்டி முக்கி முனகிக்கொண்டு வந்தது.

வேனுக்குள் இருந்த நர்ஸுக்கு அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று இருந்தது. கட்டிய கணவன். கெஞ்சிக் கூத்தாடி ஆஸ்பத்திரியில் வாங்கிய ஒரு வார லீவு இது. படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிற வேனை வாடகைக்கு எடுக்கத் தெரிந்த மனுஷனுக்கு, அதை ராத்திரி நிறுத்த ஓர் இடம் புக் பண்ணத் தோன்றவில்லை. கேட்டால் "பாத்துக்கலாம்". கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. போன முகாம்களிலெல்லாம் வாசலிலேயே "இடமில்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசி இடத்தில் காவலாளியிடம் இவன் பல்லை இளித்துக்கொண்டு நின்ற நேரம் முழுக்க, வேன் கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

இப்போது ஒதுங்கியிருப்பது மூடிப்போன ஒரு பெட்ரோல் பங்கின் பின்புறம். விளக்கு இல்லை. பழைய ஆயில் நாற்றமும் ஈர மண் வாடையும் கலந்து எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தன. ஏதோ ஒரு தகரம் காற்றில் அடித்துக்கொள்வதும், நின்று, மறுபடி எப்போது அடிக்குமோ என்று காதைக் காக்க வைப்பதுமாக இருந்தது.

"வண்டி சமமா நிக்க பின் சக்கரத்துக்கு அடியில கட்டை வெச்சுட்டு வரேன். நீ படு." டார்ச்சோடு இறங்கினான். பக்கவாட்டில் நகரும் கதவு கிறீச்சென்று அலறி மூடிக்கொண்டது.

"வெச்சுக் கிழிச்சீங்க," என்றாள்.

வேன் படுக்கையில் சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்த மகளை அணைத்து, கதவுக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள். அவன் வந்தாலும் முகம் கொடுப்பதில்லை என்று வைராக்கியம்.

கொஞ்ச நேரத்தில் முதுகுப்பக்கம் மெத்தை அமுங்கியது.

"வந்தாச்சா? பச்சப் புள்ளய வெச்சுக்கிட்டு இப்படி நடுத்தெருவுல நிக்கறோமே, வெக்கமா இல்ல? ஒரு போன் பண்ணியிருந்தா முடிஞ்சிருக்கும்!"

வழக்கமான "பாத்துக்கலாம்" கூட வரவில்லை. அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. முதுகில் சில்லென்று நெருக்கியது. "எவ்வளவு இடந்தான் வேணும் உங்களுக்கு?" என்று சிடுசிடுத்தபடி மகளோடு சேர்ந்து நகர்ந்து இடம் விட்டாள். மறுபடி நெருக்கியது. மறுபடி நகர்ந்தாள்.

ஈர மண் வாடை இப்போது போர்வைக்குள் இருந்தது.

இருட்டு வார்டில் மூச்சுச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடும் காது அவளுடையது. மகளின் மூச்சு கேட்டது. தன் மூச்சு கேட்டது.

பின்னால் மூச்சில்லை.

கதவும் அலறவில்லை. அவன் இறங்கிய பிறகு ஒரு தடவைகூட.

வெளியே தட்டும் சத்தம்.

"ஏய், கதவைத் தெற. சாவிய உள்ளயே வெச்சுட்டேன்." அவன் குரல். "கட்டை வெச்சும் வண்டி பின்பக்கம் எழும்ப மாட்டேங்குது. பின்னாடி அப்படி என்னத்த ஏத்தி வெச்சிருக்க?"

மகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள். இப்போதும் கோபம் வந்தது. திரும்பிப் பார்க்காத தன் மேல்.

அவளைத் தாண்டி ஒரு கை நீண்டது. ஈரக் கை. முழங்கை வந்த பிறகும் நீண்டது. மகளின் தலையை மெல்ல வருடியது.

காதோரம், மூச்சே படாமல், ஒரு குரல்.

"இடமில்லன்னு சொல்லு."